கோலம் போடும்போது வலிக்குதா?

"நீ சொன்னியேன்னுதான்டி பண்ணேன்." அம்மா போன்ல இத சொன்னப்ப குரல்ல கோபமே இல்ல. திட்டியிருந்தா கூட ரெண்டு நாள்ல மறந்திருப்பேன். ஆடி மாசம் நடந்தது, இப்ப கார்த்திகை வந்தாச்சு, அந்த ஒரு வரி இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு. இடுப்புல ஆரம்பிச்சு கால் விரல் வரைக்கும் சுண்டி இழுக்கற வலி (சயாட்டிகான்னு சொல்வாங்க) வந்தவங்களுக்காகவும், அத விட முக்கியமா தனக்கு சரியானதும் அடுத்தவங்களுக்கு வைத்தியம் சொல்ல கிளம்பறவங்களுக்காகவும் இத எழுதறேன். நான் அந்த ரெண்டாவது கூட்டத்துல ஒருத்தி.

மொதல்ல என் கதைய சொல்லிடறேன், இல்லன்னா அம்மா கதை புரியாது. எனக்கு வேலை திருச்சி தில்லைநகர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல, வீடு திருவானைக்கோவில், தினமும் ஸ்கூட்டில காவிரி பாலத்த தாண்டணும். போன மார்கழி முழுக்க காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்ச கையோட வாசல்ல குனிஞ்சு பெரிய கோலம், அப்புறம் ஆபீஸ், மாசாமாசம் 20ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடணும்ங்கறதால அந்த வாரம் ஒன்பது பத்து மணி நேரம் சேர்லயே. பொங்கலுக்கு முந்தின நாள் பானை கோலத்துக்கு கலர் தூவ குனிஞ்சேன், நிமிர முடியல. இடுப்பு பிடிச்சிக்கிச்சுன்னு தைலம் தேச்சு சமாளிச்சேன். மாட்டுப் பொங்கல் அன்னிக்கு வாஷ்பேசின்ல பல் தேய்க்கும்போது ஒரு தும்மல் வந்துச்சு, இடது பின்பக்கத்துலருந்து பின்தொடை, கெண்டைக்கால் வழியா சுண்டுவிரல் வரைக்கும் கரண்ட் பாஞ்ச மாதிரி ஒரு இழுப்பு. அப்படியே வாஷ்பேசின பிடிச்சுக்கிட்டு நின்னேன், கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

அப்புறம் நடந்தது உங்க எல்லார் வீட்லயும் நடக்கறதுதான். அத்தை நொச்சி இலைய வதக்கி துணில கட்டி ஒத்தடம் குடுத்தாங்க (இதமா இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன், சூடு பட்டா இறுகின சதை கொஞ்சம் தளர்ந்து குடுக்குது, அதுக்கு மேல அதுகிட்ட எதிர்பாக்கக் கூடாது). பக்கத்து வீட்டுக்காரங்க கால் வழியா பொறந்தவங்கள கூட்டிட்டு வந்து முதுகுல மிதிக்க சொல்லுங்கன்னாங்க, அதுக்கு மட்டும் நான் ஒத்துக்கல. மெடிக்கல் ஷாப்ல பெல்ட் வாங்கினேன். எல்லாரும் ஒரே குரல்ல சொன்னது "அசையாம படு". பத்து நாள் லீவு போட்டு படுத்தேன். படுத்தா வலி கொஞ்சம் கம்மி, எந்திரிச்சா முன்ன விட அதிகம், காலுக்கு பலமே இல்லாத மாதிரி ஒரு பயம் வேற சேந்துக்கிச்சு. இந்த வலிக்கு படுக்கைல கிடக்கறது எந்த விதத்துலயும் கூடுதல் பலன் தரலன்னு நெதர்லாந்துல 1999லயே 183 பேர வச்சு ஆராய்ச்சி பண்ணி எழுதிட்டாங்கன்னு ரொம்ப லேட்டா தெரிஞ்சிக்கிட்டேன். ஒரு நாள் ரெண்டு நாள் தாங்க முடியலன்னா படுக்கலாம், அதுக்கு மேல வேணாம், கொஞ்ச கொஞ்சமா நடக்கறதுதான் நல்லது.

ஒரு ஆஸ்பத்திரில எம்ஆர்ஐ எடுத்தாங்க. எல்5-எஸ்1ல, அதாவது முதுகெலும்போட அடிப்பக்கத்துல, ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கற டிஸ்க் பிதுங்கி நரம்ப அழுத்துதுன்னு ரிப்போர்ட், அத கைல குடுத்துட்டு ஆபரேஷனுக்கு தேதி கேட்டாங்க. என் வீட்டுக்காரர் முகம் வெளிறிப் போச்சு. இன்னொரு டாக்டர்கிட்ட போனோம், அவரு படத்த பாக்கறதுக்கு முன்னாடி என்ன பாத்தாரு. நுனிக்கால்ல நடக்க சொன்னாரு, குதிகால்ல நடக்க சொன்னாரு, படுக்க வச்சு கால நீட்டினபடியே தூக்கி எந்த இடத்துல இழுக்குதுன்னு பாத்தாரு, ஒன்னுக்கு ரெண்டுக்கு போறதுல மாற்றம் இருக்கான்னு கேட்டாரு. "பலம் இருக்கு, அவசரமில்ல, பெரும்பாலானவங்களுக்கு ஆறுலருந்து பன்னெண்டு வாரத்துல தானா இறங்கும், பிதுங்கினதுல நிறைய தானாவே சுருங்கியும் போயிடும்"னாரு. படத்துல தெரியறதெல்லாம் வலிக்கு காரணமும் இல்லையாம். வலியே இல்லாத 3110 பேரோட ஸ்கேன் முடிவுகள சேத்து 2015ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல 20 வயசுக்காரங்கள்ல 30 சதவீதத்துக்கும் 80 வயசுக்காரங்கள்ல 84 சதவீதத்துக்கும் டிஸ்க் பிதுங்கல் இருந்திருக்கு. எந்த தொந்தரவும் இல்லாதவங்களுக்கே இவ்வளவு. ஆபரேஷன் தப்புன்னு நான் சொல்ல வரல. 2007ல நெதர்லாந்துல 283 பேர்ல ஒரு பாதிக்கு சீக்கிரமே ஆபரேஷன், மீதி பேர பொறுத்துப் பாக்க வச்சாங்க, ஆபரேஷன் பண்ணவங்களுக்கு வலி சீக்கிரம் போச்சு, ஆனா ஒரு வருஷம் கழிச்சு பாத்தா ரெண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தாங்க. பொறுத்தவங்கள்லயும் பத்துல நாலு பேர் முடியாம ஆபரேஷனுக்கு போகத்தான் செஞ்சாங்க. அதனால யாரும் யாரையும் இந்த விஷயத்துல குறை சொல்ல வேணாம்.

கால் வலி குறைஞ்சு முதுகு வலி கூடினப்ப

அந்த டாக்டர் அனுப்பின பிசியோ ஒரு சின்ன பொண்ணு, என்ன விட பதினஞ்சு வயசாவது கம்மி இருக்கும். ரூம்ல என்ன பல மாதிரி நிக்க வச்சு படுக்க வச்சு பாத்துட்டு, கடைசில குப்புறப் படுக்க சொன்னா. ரெண்டு நிமிஷம் அப்படியே. அப்புறம் முழங்கைய ஊனிக்கிட்டு நெஞ்ச மட்டும் தூக்கி ரெண்டு நிமிஷம். அப்புறம் உள்ளங்கைய ஊனி, இடுப்பு தரைலயே கிடக்க, மேல் உடம்ப மட்டும் பாம்பு தலை தூக்கற மாதிரி தூக்கி இறக்கணும், பத்து தடவ. ஒவ்வொரு தடவைக்கும் "இப்ப எங்க இருக்கு"ன்னு கேட்டா. மொத தடவ சுண்டுவிரல்ல இருந்துச்சு. நாலாவதுல கெண்டைக்கால்ல. எட்டாவதுல தொடைல. ஆனா இடுப்பு, அய்யோ, இடுப்பு கொன்னு எடுத்துச்சு. "எனக்கு அதிகமாகுதுப்பா, போதும்"னு எந்திரிக்கப் பாத்தேன். அவ சொன்னத அப்படியே எழுதறேன்: "எவ்ளோ வலிக்குதுன்னு பாக்காதீங்கக்கா, எங்க வலிக்குதுன்னு பாருங்க. கால விட்டு மேல ஏறுதுன்னா நல்லது. இடுப்புல கூடினாலும் பரவாயில்ல. கீழ இறங்குச்சுன்னா அந்த நிமிஷமே நிறுத்திடணும்."

இத எனக்கு மூணு வாரத்துல யாருமே சொல்லலயேன்னு இருந்துச்சு. ஏன்னா அது வரைக்கும் வீட்ல நானே பண்ணிட்டிருந்தது என்ன தெரியுமா, பின்தொடைல இழுக்குதேன்னு உக்காந்து கால நீட்டி கட்டை விரல தொட குனிஞ்சு குனிஞ்சு இழுத்து விட்டேன். இழுக்கும்போது ஒரு சுகம், அரை மணி நேரம் கழிச்சு கால் பூரா நெருப்பு. இழுத்தது சதை இல்ல, நரம்பு. ஏற்கனவே வீங்கிப் போயிருக்கற நரம்ப நான் தினமும் ரெண்டு வேளை சுண்டி விட்டிருக்கேன்.

குப்புறப் படுக்கற இந்த வழிக்கு பின்னாடி ஒரு கதை இருக்கு. நியூசிலாந்துல வெலிங்டன்ல ராபின் மெக்கன்சின்னு ஒரு பிசியோ, 1956ல அவர்கிட்ட கால் வலியோட வந்த ஒருத்தர உள்ள போய் குப்புறப் படுங்கன்னு சொல்லிட்டு வேற வேலைல இருந்துட்டாரு. கட்டிலோட தலைப்பக்கம் தூக்கி வச்சிருந்தது தெரியாம அந்த ஆளு அதுலயே முதுகு வளைஞ்சு கிடந்திருக்காரு. அஞ்சு நிமிஷம் கழிச்சு ஓடி வந்து பாத்தா, மூணு வாரமா இப்படி நல்லா இருந்ததில்ல, கால்ல வலி போயிடுச்சு, இடுப்புல மட்டும் இருக்குன்னு சொல்றாரு. மெக்கன்சி அத தற்செயல்னு விடாம அதுலருந்து ஒரு முறையே உருவாக்கினாரு.

அப்புறம் நான் செஞ்சது ரொம்ப சாதாரண விஷயங்கள். ஆபீஸ்ல பகல்ல ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ ரெக்கார்ட் ரூம்ல பாய் விரிச்சு அந்த பயிற்சி பத்து தடவ. அரை மணி நேரத்துக்கு மேல தொடர்ந்து உக்காரல, போன்ல அலாரம் வச்சிக்கிட்டேன். சேர்ல இடுப்பு வளைவுக்கு ஒரு டவல சுருட்டி வச்சேன். ராத்திரி ஒருக்களிச்சு படுத்து ரெண்டு முழங்காலுக்கு நடுவுல தலகாணி. தும்மல் இருமல் வந்தா நிமிந்து நின்னு சுவத்த பிடிச்சுக்கறது. இண்டியன் டாய்லெட்ட ரெண்டு மாசம் விட்டேன், பிளாஸ்டிக் சேர்ல நடுவுல ஓட்டை இருக்குமே அது எண்ணூறு ரூபா, வாங்கிப் போட்டோம். ஸ்கூட்டிய விட்டுட்டு பஸ், பாலத்துல ஒவ்வொரு ஜாயின்ட்லயும் தடக்குனு விழறது எனக்கு கால்ல தெரியும். காலைல எந்திரிச்ச ஒரு மணி நேரத்துக்கு குனியவே கூடாதுன்னு அந்த பொண்ணு கண்டிப்பா சொல்லிட்டா. ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணிய உறிஞ்சி உப்பி இருக்குமாம், அதனாலதான் காலைல நாம எல்லாருமே கொஞ்சம் உயரமா இருக்கோம், அந்த நேரத்துல குனிஞ்சா உள்ள அழுத்தம் அதிகம். மார்கழி பூரா நான் பண்ணது அதேதான். மாத்திரை அஞ்சு நாள் மட்டும், டாக்டர் சொன்ன அளவுல. மாசி கடைசில வலி முழங்காலுக்கு மேல ஏறிடுச்சு, பங்குனில இடுப்புல மட்டும், சித்திரைல அதுவும் ஏதோ ஒரு நாள்ல ஒரு நேரம்.

அம்மாவுக்கு அனுப்பின வீடியோ

அம்மாவுக்கு 68 வயசு, லால்குடில தனியா இருக்காங்க. ரெண்டு வருஷமா கால் குடையுது, மரத்துப் போகுதுன்னு சொல்லிட்டிருந்தாங்க. ஆனில ஒரு நாள் ரொம்ப முடியலன்னு சொன்னப்ப நான் சந்தோஷமா, ஆமா சந்தோஷமாதான், "எனக்கு வந்ததேதாம்மா உனக்கும், சயாட்டிகா, நான் சரி பண்ணிடறேன்"னு சொல்லிட்டு என் பையன விட்டு நான் பண்றத வீடியோ எடுத்து அனுப்பினேன். வீடியோ காலில் பாத்து திருத்தினேன். "இன்னும் தூக்கும்மா, கைய நல்லா ஊனு." அம்மா முகத்த சுளிச்சாங்க. "இடுப்பு வலிக்குதுடி." "இடுப்பு வலிச்சா நல்லதும்மா, அப்படித்தான் இருக்கும்." அந்த பொண்ணு சொன்னதுல பாதிய மட்டும் நான் அம்மாவுக்கு குடுத்தேன். எங்க இருக்குன்னு ஒரு தடவ கூட கேக்கல.

அஞ்சு நாள் பண்ணிருக்காங்க, காலைல பத்து சாயங்காலம் பத்து, கணக்கு தப்பாம. ஆறாவது நாள் காலைல அடுப்படில இருந்து வாசல் வரைக்கும் வர முடியல, ரெண்டு காலும் மரக்கட்டையா கனக்குதுன்னு சொன்னப்பதான் எனக்கு வயித்துல புளிய கரைச்சுது. உடனே கார் எடுத்துக்கிட்டு போய் கூட்டிட்டு வந்தோம். வழியெல்லாம் அம்மா பின் சீட்ல முன்னாடி சாஞ்சு உக்காந்துக்கிட்டு "இப்ப பரவாயில்லடி, உக்காந்தா ஒண்ணுமே தெரியல"ன்னு சொல்லிட்டே வந்தாங்க. நான் அத ஆறுதலுக்கு சொல்றாங்கன்னு நினைச்சேன்.

அதே டாக்டர். அம்மா கால் நரம்ப, மேல் பாதத்துல நாடிய எல்லாம் தொட்டு பாத்தாரு, சுகர் கேட்டாரு. அப்புறம் கேட்டாரு, "வாசல்ல கோலம் போடுவீங்களாம்மா?" "போடுவேனுங்க." "கோலம் போடும்போது வலிக்குதா?" அம்மா கொஞ்சம் கூட யோசிக்கல. "அப்பதாங்க நல்லா இருக்கும். நிமிந்து நின்னாதான் வரும். ரேஷன் கடை க்யூல நிக்க முடியாது, கோயில ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள கெண்டைக்கால் ரெண்டும் கடுக்கும், உக்காந்து கொஞ்சம் குனிஞ்சா போயிடும், மறுபடி நடப்பேன்."

நான் அங்கயே உக்காந்திருந்தேன். இந்த ரெண்டு வருஷமா லால்குடிக்கு போறப்பல்லாம் பாத்திருக்கேன். சப்தரிஷீஸ்வரர் கோயில் பிரகாரத்துல பாதி சுத்துல அம்மா மண்டபத்து படில உக்காருவாங்க, வயசாயிடுச்சுன்னு நினைப்பேன். கடைத்தெருவுக்கு போறப்ப பழைய சைக்கிள தள்ளிக்கிட்டு ஹேண்டில்பார்ல சாஞ்சு நடப்பாங்க, எதுக்கும்மா இத தூக்கிட்டு வர்றன்னு கேட்டிருக்கேன். என்னால ஒரு புள்ளி வைக்கக் கூட குனிய முடியாம இருந்த தை மாசத்துல, எனக்கு பதிலா என் வாசல்ல வந்து முழு கோலம் போட்டுட்டு "முதுகுக்கு நல்லா இருக்குடி"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சதே அம்மாதான். என் வலிக்கும் அம்மா வலிக்கும் நேர் எதிர் வித்தியாசம்ங்கறது என் கண்ணு முன்னாடியே, என் வாசல்லயே நடந்திருக்கு. எனக்கு தெரியல. பேரு ஒண்ணுன்னதும் எல்லாம் ஒண்ணுன்னு நினைச்சிட்டேன்.

வலி போற ரூட்டு

சயாட்டிக் நரம்பு உடம்புலயே தடிமனான நரம்பு, பின்பக்கத்துல ஏறக்குறைய ஒரு விரல் தடிமன் இருக்கும், இடுப்பு எலும்புகளுக்கு நடுவுலருந்து வர்ற அஞ்சு வேர் சேந்து ஒண்ணாகி பின்தொடை வழியா இறங்குது. அந்த வேர்கள எது எங்க அழுத்தினாலும் வலி அதே வழில, அதே காலுக்குத்தான் போகும். அதனால சயாட்டிகாங்கறது நோயோட பேர் இல்ல, வலி போற ரூட்டோட பேரு. திருச்சிலருந்து ஒரு பஸ் லேட்டுன்னு மட்டும் சொன்னா டயர் பஞ்சரா டிராபிக்கான்னு எப்படி தெரியும். எனக்கு டிஸ்க் பின்னாடி பிதுங்கினது, குனிஞ்சா இன்னும் தள்ளும், முதுக பின்னாடி வளைச்சா நரம்ப விட்டு விலகும்னு சொல்றாங்க. அம்மாவுக்கு வயசாக ஆக தண்டுவடக் குழாயே குறுகிப் போயிருக்கு, உள்ள இருக்கற சவ்வு தடிச்சு, எலும்பு வளந்து. ஸ்டெனோசிஸ்ங்கறாங்க. பின்னாடி வளைஞ்சா குழாய் இன்னும் சுருங்கும், முன்னாடி குனிஞ்சா திறந்து வழி விடும். அம்மாவ குப்புறப் படுக்க வச்சு வளைய விட்டு, ஏற்கனவே இறுகிக் கிடந்த இடத்த ஒரு நாளைக்கு இருபது தடவ நான் நெருக்கியிருக்கேன்.

டாக்டர் என்ன ஒரு வார்த்தை கூட சொல்லல. அம்மாகிட்ட மட்டும், மல்லாந்து படுத்து ஒவ்வொரு முழங்காலா நெஞ்சுகிட்ட கொண்டு வாங்க, அப்புறம் ரெண்டையும் சேத்து, சேர்ல உக்காந்து முன்னாடி குனிஞ்சு கைய தரைய நோக்கி விடுங்க, நடக்கறத நிறுத்தாதீங்க, கடுக்க ஆரம்பிக்கும்போதே உக்காந்துட்டு மறுபடி நடங்கன்னாரு. அடுப்புகிட்ட நிக்கும்போது ஒரு கால மனைப்பலகை மேல தூக்கி வச்சு, அப்பப்ப மாத்திக்க சொன்னாரு. அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை இருக்கறதால வலி மாத்திரைய கடைல தானா வாங்கி போடக் கூடாதுன்னு கண்டிப்பா சொன்னாரு, பிரஷரும் ஏறும், கிட்னிக்கும் கெடுதல். சைக்கிள தள்ளிக்கிட்டு போறத மட்டும் விடவே வேணாம்னாரு. அம்மா என்ன திரும்பி பாத்தாங்க.

கை வச்சு பாக்கற டாக்டர்கிட்டயோ பிசியோகிட்டயோ ஒரே ஒரு தடவையாவது காட்டிட்டுதான் வீட்டு வைத்தியத்த ஆரம்பிக்கணும்னு நான் இப்ப எல்லார்கிட்டயும் சொல்றேன். சில விஷயத்துக்கு அந்த பொறுமையும் கிடையாது. ஒன்னுக்கு வர மாட்டேங்குது, இல்ல வர்றது தெரியாம போகுது, சைக்கிள் சீட்ல உக்காந்தா படற இடம் மரத்துப் போகுது, ரெண்டு காலும் பலம் இழக்குது, இது எதுனாலும் ராத்திரி ரெண்டு மணியானாலும் பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு ஓடணும், மணிக்கணக்குல முடிவாகற விஷயம், லேட்டானா அந்த பலம் திரும்ப வராமலே போகலாம். முன்பாதம் தூக்க முடியாம செருப்பு நழுவி விழுதுன்னா அன்னிக்கே காட்டணும். வலியோட காய்ச்சல், காரணமில்லாம எடை குறையறது, முன்னாடி கேன்சர் வந்திருக்கறது, இதுக்கெல்லாம் ஒத்தடமும் பயிற்சியும் பதில் இல்ல. அம்மா ரெண்டு காலும் கனக்குதுன்னு சொன்ன அன்னிக்கு கார்ல போகும்போது நான் நாலு தடவ "ஒன்னுக்கு போனியாம்மா"ன்னு கேட்டேன். நல்லவேளை அம்மாவுக்கு அந்த அளவுக்கு போகல. கனம் இறங்கி பழைய நிலைக்கு வர ஒரு மாசம் ஆச்சு. அந்த ஒரு மாசம் நான் குடுத்தது.

இப்ப வாரக் கடைசில லால்குடி போனா சாயங்காலம் ஹால்ல ரெண்டு பாய் விரிப்போம். நான் குப்புற, அம்மா மல்லாந்து. கோயில்ல அம்மா மூணு சுத்து வர்றாங்க, நடுவுல ரெண்டு தடவ உக்காந்து, கைய முழங்கால்ல ஊனி குனிஞ்சு, ஒரு நிமிஷம். நானும் பக்கத்துல உக்காந்துக்கறேன். போன வாரம் எதிர்வீட்டு அத்தை படியேறி வந்து "உன் பொண்ணு ஏதோ கால் வலிக்கு வீடியோ வச்சிருக்காமே, என் போனுக்கு அனுப்ப சொல்லேன்"னு கேட்டாங்க. நான் வாய திறக்கறதுக்குள்ள அம்மா பாய்லருந்து எந்திரிக்காமலே கேட்டாங்க, "உனக்கு குனிஞ்சா வருதா, நின்னா வருதா?"

அத்தைக்கு தெரியல. யோசிச்சுட்டு வந்து சொல்றேன்னு போனாங்க.